நொத்தாரிசின் கண்ணாடிக்குள் என் மீசை

1. முதல் நாள்: "அடி!"

பலெர்மோ நகரத்தில் சீசா என்ற பகுதியில் இருந்த மஸ்த்ரோ தானோவின் கண்ணாடிப் பட்டறைக்கு வேலைக்குப் போன முதல் நாள், அவர் என் கையில் ஒரு சுத்தியலைத் தந்தார். சுவரோடு சாய்த்து வைத்திருந்த ஒரு கண்ணாடியைக் காட்டி, "அடி" என்றார்.

நான் அடிக்கவில்லை. அதற்கு முன் இரண்டு வருடம் பலெர்மோவில் வீடுகள் துப்புரவாக்கியவன் நான். கண்ணாடியை உடைக்காமல் துடைப்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். வேலைக்கு எடுத்த அன்றைக்கே என்னை நிற்பாட்டுவதற்கு இந்த மனிசன் வழி பார்க்கிறாரோ என்று யோசித்தேன்.

"அடியடா, பெப்பே!"

என் பெயர் சூசைப்பிள்ளை. சொந்த இடம் இலங்கையில், மன்னாரில் பேசாலை. சூசையப்பர்தான் இந்த இத்தாலியர்களுக்கு ஜூசெப்பே. ஜூசெப்பே என்று பெயருள்ளவனைச் செல்லமாகப் பெப்பே என்பார்கள். மஸ்த்ரோ என்றால் தொழில் தெரிந்த பெரிய மேசன், ஆசாரி மாதிரி ஒரு மரியாதைச் சொல். என் பெயரை ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு, நாக்கு நோகுது என்று அவர்தான் பெப்பே ஆக்கினார்.

நான் மெல்லத் தட்டினேன்.

"உது அடியோ? கதவெல்லோ தட்டுறாய். உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை. அடி!"

கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தேன். சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் கண்ணாடி முழுக்கச் சிலந்திவலை மாதிரி வெடிப்பு. ஆனால் ஒரு துண்டுகூடக் கீழே விழவில்லை. மஸ்த்ரோ தன் வண்டி வயிற்றை அந்தக் கண்ணாடியில் முட்டுக் கொடுத்துத் தள்ளிக் காட்டினார். அது அசையவில்லை.

"இதுதான் லமினேட்," என்றார். "ரெண்டு கண்ணாடி. நடுவிலை ஒரு பிலிம். உடையும், ஆனால் விழாது. என்ரை மனிசியின்ரை குடும்பம் மாதிரி."

உள்ளே மேசையில் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அவருடைய மனைவி சின்யோரா என்சா தலையை நிமிர்த்தாமலே, "எனக்குக் கேக்குது, தானோ," என்றார்.

அந்தப் பட்டறையில் பத்தொன்பது வருடம் நின்றேன். இப்போது இதே தொழிலுக்கு வந்திருக்கிற எங்கள் பிள்ளைகள் எழுதித் தரச் சொல்லிக் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

2. நடுவில் போனவை

வேலை என்னவென்றால் இதுதான். இரண்டு கண்ணாடிகளைத் தூசி துரும்பு இல்லாமல் கழுவ வேண்டும். நடுவில் பிலிமை விரிக்க வேண்டும். பெரிய சிலிக்கன் பைக்குள் வைத்து, பம்பைப் போட்டுக் காற்றை உறிஞ்ச வேண்டும். பிறகு சூளையில் வைத்துச் சூடாக்கினால் பிலிம் உருகித் தெளிந்து, இரண்டு கண்ணாடியையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். திருப்பி எடுக்க ஏலாது.

களவுக்குப் பயந்தவர்கள் கனத்த பிலிம் போட்டு வாங்குவார்கள். நகைக்கடை, மருந்துக்கடை, கீழ்மாடியில் குடியிருப்பவர்கள். வடிவுக்கு வாங்குபவர்கள் நடுவில் எதையாவது வைக்கச் சொல்வார்கள். சரிகைத் துணி, காய்ந்த பூ, கலியாண முக்காடு. மஸ்த்ரோ சொல்வார்: "பயந்தவனுக்கும் செய்யலாம், பெருமைக்காரனுக்கும் செய்யலாம். பலெர்மோவிலை இந்த ரெண்டு பேரையும் விட்டால் வேறை ஆர் இருக்கினம்?"

நடுவில் வைக்கச் சொல்லாததும் நடுவில் போகும். ஒரு மருந்துக்கடைக் கதவுக்குள் ஒரு இலையான் ஈ போய்விட்டது. கடைக்காரர் வந்து மூன்று நாள் அதைத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டார். சியாகுல்லிப் பக்கம் மண்டரின் தோடம்பழத் தோட்டம் வைத்திருந்த ஒரு பெண்மணி, தன் மரத்து இலைகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டறைக் கதவுக்குள் வைக்கச் சொன்னா. இலை நன்றாகக் காய வேண்டும் என்று நான் சொன்னேன். மஸ்த்ரோ, "காணும், காணும்" என்றார். சூளையைத் திறந்தபோது பட்டறை முழுக்க மண்டரின் வாசம். கண்ணாடிக்குள் இலைகள் அவிந்து, ரசம் கொதித்த மாதிரி ஒரே குமிழி. அதைக் கடல் டிசைன் என்று சொல்லி வேறொருவரின் குளியலறைக்கு மஸ்த்ரோ பொருத்திவிட்டார். அவர்களுக்கு நல்ல விருப்பம். இலைகளை மீன் என்று நினைத்தார்கள்.

மஸ்த்ரோ தானோ கெட்டிக்காரர். ஆனால் ஒரு குறை. கண்ணாடிக்காரர் கண்ணாடி போடமாட்டார். கிட்ட இருப்பது அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. வைத்தியர் எழுதிக் கொடுத்த மூக்குக்கண்ணாடி சட்டைப்பையில் கிடக்கும். போட்டால் வயசாளி மாதிரித் தெரியுமாம். இனி வரும் கதைக்கு அந்தச் சட்டைப்பைதான் காரணம்.

3. சகோதரங்களுக்குப் பயந்த மனிதர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு நொத்தாரிசு, உறுதிப் பத்திரம் எழுதுகிற சட்டத்தரணி, எங்களிடம் வந்தார். மெலிந்த, உயர்ந்த, சிரிக்காத மனிதர். கதைக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கையொப்பம் வைப்பது போல நிறுத்தி நிறுத்திக் கதைப்பார். நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"எனக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேணும்," என்றார். "என்ரை மேசைக்கும் வாற ஆக்களுக்கும் நடுவிலை."

"கள்ளரோ?" என்று மஸ்த்ரோ கேட்டார்.

"கள்ளருக்கு நான் பயமில்லை. கள்ளர் ஒருநாளும் நொத்தாரிசிட்டை வாறேல்லை. எனக்குச் சகோதரங்களுக்குத்தான் பயம்."

காணி, வீடு பிரிக்கிற உறுதிகள் எழுதுவதுதான் அவருடைய பிரதான வேலை. தகப்பன் செத்து முப்பத்தோராம் நாள் முடிந்ததும் பிள்ளைகள் அவர் முன்னால் வந்து உட்காருவார்கள். அதற்கு முந்தின கிழமை ஒரு தமையன் தம்பிக்கு எறிந்த கடுதாசி அழுத்தும் பளிங்குக் கல், தம்பி குனிந்ததால் நொத்தாரிசின் நெற்றிக்கு வந்திருக்கிறது.

"ஆனால் வங்கி மாதிரி இருக்கக் கூடாது," என்றார். ஒரு மரப்பெட்டியை மேசையில் வைத்தார். உள்ளே அவருடைய குடும்பத்தின் பழைய கடுதாசிகள். பூட்டனின் கடிதங்கள், பூட்டியின் சீதனப் பட்டியல், முத்திரை குத்தின பத்திரங்கள். "இதுகளை உள்ளை வையுங்கோ. பாக்கிறவைக்கு ஒரு மரியாதை வரவேணும். மரியாதை வந்தால் எறியமாட்டினம்."

மஸ்த்ரோவுக்கு அப்படியொரு சந்தோசம். பயமும் பெருமையும் ஒரே கண்ணாடிக்குள் வருவது அவர் தொழிலில் அதுதான் முதல்தரம். மூன்று கண்ணாடி, இரண்டு இடை. முன் இடையில் பளிங்குக் கல்லுக்கு நிற்கக்கூடிய கனத்த பிலிம். பின் இடையில் கடுதாசிகள். ஒரு மீற்றர் நீளம், முக்கால் மீற்றர் உயரம். நிறை முப்பது கிலோவுக்குக் கிட்ட.

4. பூட்டன்

அந்தக் கிழமைதான் எனக்கும் ஒரு பெரிய அலுவல் இருந்தது. என் மனைவி ஜசிந்தா பேசாலையில் இருந்தா. நாங்கள் கலியாணம் கட்டி மூன்று வருடம். அதில் ஒன்றாக இருந்தது நாற்பத்தொரு நாள். அவவை இத்தாலிக்குக் கூப்பிடும் விண்ணப்பத்துக்கு, வியாழக்கிழமை காலை குவெஸ்தூராவுக்கு, அதாவது வெளிநாட்டவர் பதிவு பார்க்கும் பொலிஸ் அலுவலகத்துக்கு வரச்சொல்லித் திகதி தந்திருந்தார்கள். என் பெர்மெசோவின், அதாவது இங்கே தங்கியிருப்பதற்கான அனுமதிப் பத்திரத்தின், அசலைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். அந்தக் காலத்துப் பெர்மெசோ இப்போதைய மாதிரிப் பிளாஸ்டிக் அட்டை இல்லை. ஒரு தாள். அதில் ஒரு படம், சில முத்திரைகள், பின்பக்கமும் எழுத்து. அது இல்லாதவன் இந்த ஊரில் இல்லாதவன்.

வேலை செய்கிறேன் என்ற கடிதத்தில் பெர்மெசோ இலக்கம் எழுத வேண்டும் என்று சின்யோரா என்சா கேட்டதால், திங்கட்கிழமை காலை அவவிடம் கொடுத்துவிட்டு, ஒரேத்தோத் தெருவில் ஒரு பாண்கடைக்குக் கண்ணாடிக் கதவு பொருத்தப் போய்விட்டேன். சின்யோரா இலக்கத்தை எழுதினா. தாள் காற்றுக்குப் பறக்காமல் இருக்கப் பெரிய மேசையில் அளவு நாடாவுக்குக் கீழே வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனா.

பெரிய மேசையில்தான் மஸ்த்ரோ நொத்தாரிசின் கடுதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை வந்து பெர்மெசோவைக் கேட்டேன். மேசையில் இல்லை. மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. சின்யோரா குப்பைவாளியைக் கவிழ்த்துத் தேடினா. நான் மேசைக்குக் கீழே படுத்துத் தேடினேன். மஸ்த்ரோ குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"அதுக்குள்ளை ஏன் பாக்கிறாய்?" என்று சின்யோரா கேட்டா.

"தேடுறன் தானே," என்றபடி ஒரு துண்டுச் சீஸை எடுத்து வாயில் போட்டார்.

நான் திரும்பவும் மேசைக்குக் கீழே குனிந்தேன். மஸ்த்ரோ என் தோளில் தட்டினார். "வரும், பெப்பே, வரும். முதல்லை கண்ணாடியை வெளியிலை எடுப்பம். வந்து பார், என்ரை வாழ்க்கையிலை இப்பிடி ஒண்டு செய்யேல்லை."

சூளை ஆறியிருந்தது. பையைப் பிரித்து, கண்ணாடியை இருவரும் தூக்கி நிமிர்த்தினோம். உண்மையாகவே வடிவு. மஞ்சளித்த தாள்கள், பூப் போட்ட கையெழுத்து, சிவப்பு முத்திரைகள், ஒரு குமிழிகூட இல்லை. நான் துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். வலப்பக்கக் கீழ்மூலையில், சீதனப் பட்டியலுக்குப் பக்கத்தில், மீசை வைத்த ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கேயோ கண்ட முகம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

பிறகு கத்தினேன்.

சின்யோரா ஓடிவந்து பார்த்தா. "தானோ! இது என்ன?"

"ஆர், இவரோ? நொத்தாரிசின்ரை பூட்டன்," என்றார் மஸ்த்ரோ. "அந்த மூலையிலை ஒரு வெளி கிடந்துது. நல்ல முத்திரை, நல்ல மீசை. எடுத்து வைச்சனான்."

"கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்!"

மஸ்த்ரோ சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு, குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"படத்திலை கொஞ்சம் மெலிவாய் இருக்கிறாய்," என்றார்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். திரும்பச் சூடாக்கிப் பிரிக்கலாமா என்று கேட்டேன். பிலிம் தாளுக்குள் ஊறிவிட்டது; பிரித்தால் தாளும் பிய்ந்து வரும், நொத்தாரிசின் குடும்பமும் பிய்ந்து வரும். உடைக்கலாமா என்று கேட்டேன். மஸ்த்ரோ என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். உடைக்க ஏலாமல்தானே செய்திருக்கிறோம்.

"நொத்தாரிசு கவனிக்கமாட்டார்," என்றார் கடைசியாக. "அந்த மூலைக்கு முன்னாலை ஒரு பூச்சாடி வைச்சு விடுவம்."

"அது உங்கடை பிரச்சினை, மஸ்த்ரோ! என்ரை மனிசி எப்பிடி வாறது?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். முதல்தரமாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஓம்," என்றார். "அது பிரச்சினைதான்."

5. துலைஞ்சதோ, களவு போனதோ

சின்யோரா என்சாதான் என்னைப் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. முறைப்பாடு எழுதி வாங்கினால் புதுத்தாள் கேட்கலாம் என்பது அவவின் யோசனை. மேசையில் ஒரு பொலிஸ்காரர், நல்ல மரியாதையான ஆள், படிவத்தை எடுத்து வைத்தார்.

"எங்கை துலைச்சனீங்கள்?"

"துலைக்கேல்லை," என்றேன். "இருக்கிற இடம் தெரியும்."

"அப்ப களவோ? ஆர் எடுத்தது?"

"ஒருத்தரும் எடுக்கேல்லை. ஒருத்தராலையும் எடுக்க ஏலாது."

அவர் பேனையைக் கொஞ்சம் கீழே இறக்கினார். "பழுதாய்ப் போச்சுதோ? கிழிஞ்சு, நனைஞ்சு?"

"இல்லை. முந்தியிலும் பாக்க நல்லா இருக்கு," என்றேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"நூறு வருசம் கிடக்கும்," என்றா சின்யோரா. குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நாங்கள் கதையைச் சொன்னோம். அவர் ஒருதரம் கேட்டார். பிறகு பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டு, திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். இரண்டாம் ஆள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார்.

"உங்களிட்டைப் பெர்மெசோ இருக்கு," என்றார் முதலாமவர். "துலையேல்லை, களவு போகேல்லை, பழுதாகேல்லை. இதுக்கு என்னட்டைப் படிவம் இல்லை. வியாழக்கிழமை அதையே தூக்கிக்கொண்டு போங்கோ."

6. வரிசையில் ஒரு புனிதர்

மஸ்த்ரோவிடம் ஒரு லாப்பா வண்டி இருந்தது. முன்னால் ஒரு சில்லு, பின்னால் இரண்டு, சின்னப் பெட்டி. வியாழக்கிழமை காலை கண்ணாடியைக் கடும் சிவப்புப் போர்வையால் மூடிக் கட்டினோம். மஸ்த்ரோவும் சின்யோராவும் முன்னால் நெருங்கி இருந்தார்கள். நான் பின்பெட்டியில் கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு குழியிலும் "மாதாவே" என்றேன். பலெர்மோவில் குழி நிறைய.

குவெஸ்தூரா வரிசையில் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நின்றோம். இந்த ஊரில் இரண்டு பேர் சிவப்புத் துணி மூடின சட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றால், பார்க்கிறவர்களுக்கு ஒரே எண்ணம்தான் வரும். தெருவால் போன ஒரு கிழவி நின்று சிலுவை போட்டா.

"எந்தப் புனிதர்?" என்று கேட்டா.

மஸ்த்ரோ என்னைப் பார்த்தார். "சான் ஜூசெப்பே," என்றார். பெயரளவில் அது பொய்யில்லை.

கிழவி தன் விரலை முத்தமிட்டுப் போர்வையில் வைத்தா. "என்ரை முழங்காலுக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனா. நான் என்ன செய்ய, மனதுக்குள் ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொன்னேன்.

எங்களுக்கு முன்னால் நின்ற மொறீசியஸ்காரர் போர்வையை விலக்கிப் பார்த்தார். அவர் பெயர் மூர்த்தி. பாட்டன் காலத்தில் தமிழர், தமிழ் வராது, இத்தாலியனில்தான் கதைத்தார். "உது எங்கை செய்தனீங்கள்?" என்று மெல்லக் கேட்டார். "என்ரை பெர்மெசோவை மனிசி ரெண்டுதரம் களிசான் பையோடை தோய்ச்சுப் போட்டா. எனக்கும் ஒண்டு செய்யலாமோ?"

"செய்யாதையுங்கோ, அண்ணை," என்றேன்.

எங்கள் முறை வந்தது. யன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் உத்தியோகத்தர். "பெர்மெசோவை உள்ளை தாங்கோ," என்று கீழே இருந்த சின்ன வெட்டைக் காட்டினா. அதற்குள் ஒரு கை போகும்.

நானும் மஸ்த்ரோவும் மூச்சைப் பிடித்து முப்பது கிலோவையும் தூக்கி, அவவின் யன்னலோடு சேர்த்துப் பிடித்தோம்.

அவ வாசித்தா. "மெத்தை ரெண்டு. செப்புப் பானை நாலு. கோவேறு கழுதை ஒண்டு..."

"அது சீதனம். வலப்பக்கம், கீழை!" என்றா சின்யோரா.

இன்னும் உயர்த்தினோம். உத்தியோகத்தர் என் படத்தைப் பார்த்தா, கண்ணாடிக்கு மேலால் எட்டிப் பார்த்த என் நெற்றியைப் பார்த்தா, இலக்கத்தை எழுதினா. "மற்றப் பக்கம்," என்றா. இறக்கி, திருப்பி, திரும்பத் தூக்கினோம். பிறகு எழும்பிப் போய் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தா.

இன்ஸ்பெக்டர் எங்கள் பக்கம் வந்து, கண்ணாடியை விரல்மொழியால் தட்டிப் பார்த்தார். "இதை உடைச்சு எடுக்க ஏலாதோ?"

அந்தக் கேள்வியைத் தொழில் தெரிந்த மனிதனிடம் கேட்டிருக்கக் கூடாது.

"உடைக்கவோ?" என்றார் மஸ்த்ரோ. "என்ரை கண்ணாடியையோ? சுத்தியலுக்கு நிக்கும். கோடாலிக்கு நிக்கும். உங்கடை யன்னலும் நல்லதுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் நாளைக்கு நீங்கள் மாத்துறதெண்டால்..."

சின்யோரா அவர் காலை மிதித்தா. சத்தம் எனக்குக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் என் படத்தை இன்னொருதரம் குனிந்து பார்த்தார். அந்த நேரத்தில் ஜசிந்தா கடைசியாக எழுதின கடிதம் என் ஞாபகத்தில் வந்தது. உடுப்புப் பெட்டி வாங்கிவிட்டேன், சிவப்பு நிறம், பரவாயில்லையா என்று கேட்டிருந்தா.

"அசல் இருக்கு. செல்லுபடியாகுது. அதிலை எனக்குச் சந்தேகமில்லை," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனால் கையிலை எடுத்துப் பாக்காமல் நாங்கள் பிரதியிலை கையொப்பம் வைக்கிறேல்லை. பைலுக்குள்ளை கண்ணாடி வைக்கவும் ஏலாது. இது அசலோடை ஒத்த பிரதி எண்டு ஒரு நொத்தாரிசிட்டை எழுதி வாங்கிக்கொண்டு வாங்கோ. எனக்கு அது காணும். பன்ரெண்டரைக்கு யன்னல் பூட்டுவம்."

நானும் மஸ்த்ரோவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"வேறை நொத்தாரிசு ஒருத்தரிட்டைப் போவமே?" என்றார் மஸ்த்ரோ.

"போனால், சுத்திவரக் கிடக்கிற கடுதாசியள் ஆற்றை எண்டு கேப்பான்," என்றா சின்யோரா. "ஏறு வண்டியிலை."

7. ஒத்துக்கொண்ட ஒரே விஷயம்

நொத்தாரிசின் அறைக்குள் நாங்கள் கண்ணாடியோடு நுழைந்தபோது அவர் முன்னால் இரண்டு அக்கா தங்கைகள் இருந்தார்கள். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது. தாயின் வீட்டைப் பிரிக்க வந்தவர்கள். இருவரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். நொத்தாரிசு ஒரு தடித்த சட்டப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்தார்; வாசிப்பதற்கு இல்லை.

கண்ணாடியைச் சுவரோடு சாய்த்துப் போர்வையை எடுத்தோம். அறை அமைதியானது. நொத்தாரிசு எழும்பி வந்து, பூட்டனின் கையெழுத்தையும் பூட்டியின் பட்டியலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. மஸ்த்ரோ மெல்ல நகர்ந்து வலப்பக்க மூலைக்கு முன்னால் போய் நின்றார். பூச்சாடிக்குப் பதிலாகத் தானே நின்றார்.

"கொஞ்சம் விலகுங்கோ," என்றார் நொத்தாரிசு.

மஸ்த்ரோ விலகினார்.

"இது ஆர்?"

"உங்கடை பூட்டன்," என்றார் மஸ்த்ரோ.

"என்ரை பூட்டனுக்கு மீசை இல்லை."

நான் முன்னால் வந்தேன். "சின்யோரே, அது நான்," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அளவு நாடா, மூலை, பொலிஸ் நிலையம், யன்னல், பன்ரெண்டரை மணி, ஜசிந்தா. எனக்குத் தெரிந்த இத்தாலியன் முழுதும் அன்றைக்குச் செலவாகிவிட்டது. மஸ்த்ரோ தொப்பியைக் கழற்றி, "பிழை என்ரை, சின்யோரே. இவன் அண்டைக்கு ஒரேத்தோவிலை நிண்டவன்," என்றார். அதை நான் மறக்கவில்லை.

நொத்தாரிசு குனிந்து என் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து அக்காக்காரியின் குரல் வந்தது.

"உந்த மீசைக்காரர் எங்கடை கார்மெலோ மாமா மாதிரி இருக்கிறார், என்ன?"

தங்கைக்காரி எழும்பி வந்து பார்த்தா. "ஓம். அச்சொட்டா அவர்தான். அந்த முழியும்."

"மாமா இருந்திருந்தால் எங்களை இப்பிடிச் சண்டை பிடிக்க விட்டிருப்பாரே?"

"விட்டிருக்கமாட்டார்."

இருவரும் கைக்குட்டையை எடுத்தார்கள். நொத்தாரிசு மெதுவாகத் திரும்பினார்.

"ஒன்பது மணி துவக்கம் இவை ரெண்டு பேரும் ஒண்டுக்கும் ஒத்துக்கொள்ளேல்லை," என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். "கதிரை எந்தப் பக்கம் இருக்கவேணும் எண்டதுக்கும் ஒத்துக்கொள்ளேல்லை. உன்ரை மீசையிலை ஒத்துக்கொண்டினம். இந்தக் கண்ணாடியை நான் மாத்தமாட்டன்."

பிறகு வேலை நடந்தது. கண்ணாடியைப் போட்டோக் கொப்பி மெசினுக்கு மேலே படுக்க வைத்தோம். மஸ்த்ரோ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சின்யோரா பொத்தானை அமத்தினா. என் பெர்மெசோவும், ஓரத்தில் இரண்டு மெத்தையும் ஒரு கோவேறு கழுதையும் சேர்ந்து வந்தன. வெட்டிவிடலாமா என்று கேட்டேன். "பிரதி எண்டால் முழுமையா இருக்கவேணும்," என்றார் நொத்தாரிசு. நிலத்தில் முழந்தாளிட்டு, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு எழுத்தையும் பிரதியோடு ஒப்பிட்டார். அக்காவும் தங்கையும் பக்கத்தில் குனிந்து நின்று உதவி செய்தார்கள். கடைசியில் எழுதிய வாக்கியத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்: அசல் ஆவணம் கண்ணாடிகளுக்கு நடுவே, எவராலும் எடுக்கவோ திருத்தவோ அழிக்கவோ இயலாத நிலையில் இருப்பதைத் தன் கண்ணால் கண்டதாக.

பன்ரெண்டு இருபத்தைந்துக்கு யன்னலில் கொடுத்தோம். இன்ஸ்பெக்டர் வாசித்துவிட்டு, "இவ்வளவு பாதுகாப்பான பெர்மெசோவை நான் இதுவரைக்கும் காணேல்லை," என்றார். ஜசிந்தாவின் பைலுக்குள் கோவேறு கழுதையும் போனது. அடுத்த புதுப்பிப்பில் எனக்குப் புதுத்தாள் கிடைத்தது. பழையது நொத்தாரிசிடம் நின்றுவிட்டது.

8. தூசி

ஜசிந்தா அடுத்த வசந்தத்தில் வந்தா. நொத்தாரிசுக்கு நன்றி சொல்ல அவவைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியைக் காட்டினேன். யன்னல் உத்தியோகத்தர், இன்ஸ்பெக்டர், நொத்தாரிசு, இரண்டு சகோதரிகள் என்று இத்தனை பேர் உற்றுப் பார்த்த படம் அது. அவ ஒருதரம்தான் பார்த்தா.

"சேட்டுப் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டெல்லோ படம் எடுத்திருக்கிறியள்," என்றா.

உண்மைதான். ஒரு பக்கக் கொலர் உயர்ந்து நின்றது. இனித் திருத்த ஏலாது.

தொழிலுக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு இதிலிருந்து சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அடுக்குகிற மேசையில் வாடிக்கையாளர் தந்ததைத் தவிர வேறு ஒன்றும் இருக்கக் கூடாது. பையை மூட முன்னம் வேறொரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தன் பிழை தனக்குத் தெரியாது. அப்படியும் பிழை நடந்தால் பூச்சாடி தேடாதீர்கள். நேரே போய்ச் சொல்லுங்கள். நாங்கள் செவ்வாய்க்கிழமையே நொத்தாரிசிடம் போயிருந்தால் அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கும் அலுவல் அது. மறைக்கப் போனதால் மூன்று நாளும், என் இடுப்பும் போனது.

ஜசிந்தாவுக்கு அந்த நொத்தாரிசின் அலுவலகத்திலேயே துப்புரவு வேலை கிடைத்தது. காலை எட்டு மணிக்குப் போய் அந்தக் கண்ணாடியை மேலிருந்து கீழாகத் துடைப்பா. எனக்கும் அவவுக்கும் வீட்டில் வாக்குவாதம் வந்த நாட்களில் மட்டும் ஒரு மூலையை விட்டுவிடுவா. எனக்கு அது தெரியாது. நொத்தாரிசு அவதானித்திருக்கிறார். ஒருநாள் பட்டறைக்குப் போன் எடுத்தார். அதே நிறுத்தி நிறுத்திக் கதைக்கிற குரல்.

"பெப்பே, இண்டைக்கு உன்ரை முகத்திலை மூண்டாம் நாள் தூசி. என்ன பிழை விட்டனியோ எனக்குத் தெரியாது. வீட்டை போக முந்தி நல்ல இனிப்பாய் ஏதும் வாங்கிக்கொண்டு போ."